இரண்டு விரல் தாவல்

புதன்கிழமை காலை பதினொன்றரை மணி ஒத்திகையில் டினியோ தாவவில்லை. இதை அவள் யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்வாள். தாவ வேண்டிய இடம் வந்ததும், முழங்கால் தேய்ந்த ஆட்டக்காரர்கள் ஒத்திகையில் செய்வதைத்தான் அவளும் செய்தாள்: கால்களைத் தரையிலேயே விட்டுவிட்டு, வலது கையின் இரண்டு விரல்களை இடுப்புக்கு நேராக ஒரு துள்ளு துள்ளவிட்டாள். இந்த இடத்தில் ஒரு தாவல் உண்டு, மேடையேறும் நாளில் தருகிறேன், இப்போதைக்கு விரலை வைத்துக்கொள்ளுங்கள் என்று அதற்குப் பொருள். ஆனால் மேடைக்கு முன்னால், கேமராக்காரன் டெபோகோவின் மேசை மீதிருந்த சின்ன மானிட்டரில், அவள் தாவினாள்.

அரைகுறைத் தாவல் இல்லை. இரண்டு பாதமும் தரையை விட்டு எழும்பி, முதுகு வில்லாய் வளைந்து, ஒரு மூச்சு நேரம் காற்றில் நின்று, பூனை மாதிரி ஓசையில்லாமல் இறங்கினாள். பதினைந்து வருடத்துக்கு முன் அவள் தாவிய தாவல்.

அவள் அசையாமல் நின்றாள். மானிட்டரிலும் அசையாமல் நின்றாள். நெற்றி வியர்வை இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் வழிந்தது.

"யோ!" என்று நாற்காலி வரிசைகளின் இருட்டிலிருந்து, ஆட்டத்தை அமைத்த லுங்கிசாவின் குரல் வந்தது. "இதத்தான் கேட்டேன்! மூணு வாரமா நடுரோட்டுல டாக்ஸிய நிறுத்துற மாதிரி விரல ஆட்டிக்கிட்டு இருந்தே. இன்னைக்குத்தான் ஆடியிருக்கே!"

நான் தாவவில்லை அண்ணே என்று சொல்ல வாய் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

காரணம் இடது முழங்கால். உள்ளே குருத்தெலும்பு கிழிந்து ஐந்து மாதம் ஆகிறது. அது அவளுக்கும் சோவேட்டோவில் ஒரு டாக்டருக்கும் மட்டுமே தெரியும். அவளுக்கு வயது முப்பத்தாறு. பதினான்கு வருடம் அடுத்தவர்களின் தோள்களுக்கு இடையிலிருந்து எட்டிப்பார்த்தபடி பின்வரிசையில் ஆடியவளுக்கு, முதல்முறையாக ஒரு மேடை முழுசாகக் கிடைத்திருந்தது. அடுத்த வியாழன் இங்கே ஜொகனஸ்பர்க்கில் அரங்கேற்றம், பிறகு பிரஸ்ஸல்ஸ். முழங்கால் சங்கதி வெளியே வந்தால் அந்த மேடை அன்று மாலையே காரபோவின் கைக்குப் போய்விடும். காரபோ பத்து வயது இளையவள், எல்லா அசைவையும் ஓரத்தில் நின்றே மனப்பாடம் செய்து வைத்திருந்தவள். "தண்ணி வேணுமாக்கா?" என்று கேட்கும்போதுகூட அவள் கண் டினியோவின் காலில்தான் இருக்கும்.

ஆகவே டினியோ, "சரிண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

ஆட்டத்தின் பெயரில் ஒரு முக்காற்புள்ளியும் ஒரு சாய்கோடும் ஒரு ஜோடி அடைப்புக்குறியும் இருந்தன. அதை எப்படி வாயால் சொல்வது என்று தெரியாததால் குழுவில் எல்லாரும் 'கேமரா டான்ஸ்' என்றே சொன்னார்கள். லுங்கிசா எட்டு மாதம் பிரஸ்ஸல்ஸில் படித்துவிட்டு ஒரு கழுத்துத்துணியோடு திரும்பியவன். ஜனவரிக் கோடை வெயிலிலும் அதைக் கழற்றியதில்லை. அவனுடைய விளக்கக் குறிப்பு நான்கு பக்கம். கேமரா என்ற கருவி வெள்ளைத் தோலைப் பார்த்துப் பழகிய கருவி, கறுப்பு முகத்தை அது கண்ணும் பல்லுமாக மட்டுமே காட்டிவந்திருக்கிறது, நம்மைப் பார்க்க அதற்கு நாம் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது சாரம். பொய்யில்லை. டினியோவின் பள்ளிக்கூட வகுப்புப் படத்தில் வெள்ளைக்கார டீச்சரின் கம்மல்கூடத் தெரியும். பிள்ளைகள் முப்பது பேரும் கரிக்கட்டைகள். ஆனால் டெபோகோவைக் கேட்டால், "லென்ஸ ரெண்டு புள்ளி கூடத் திறந்துவிட்டா போச்சு, இதுக்கு எதுக்குப் பாடம்?" என்பான். பிரஸ்ஸல்ஸ் விழாக்காரர்களுக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் 'கற்றுக்கொடுத்தல்' என்றுதான் எழுதியிருந்தது. அதனால் கற்றுக்கொடுத்தார்கள்.

கற்றுக்கொடுத்தவள் டினியோ. மூன்று வாரம், தினமும் காலையில் ஒரு மணி நேரம், கேமராவுக்கு எதிரே ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து அதன் கண்ணையே பார்க்க வேண்டும். பார்த்தபடி தன் குலப்பாட்டைச் சொல்ல வேண்டும். முதலைக் குலத்துப் பெண் நான், ஆற்றின் அடியில் கண் மூடாதவர்களின் மகள், இன்னாரின் பேத்தி, இன்னார் வயிற்றில் பிறந்தவள் என்று ஏழு தலைமுறை வரை. கல்யாணத்தில் சொல்லலாம், சாவில் சொல்லலாம், புதிதாக ஒருவரைச் சந்தித்தால் சொல்லலாம். நீ சொன்னால் அவரும் தன் குலத்தைச் சொல்வார். அதோடு இருவரும் சமம். ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னபோது எதிரே ஒரு சிவப்புப் பொட்டு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் டெபோகோ மானிட்டரைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "ஆமா, ஏழு தலைமுறையையும் ஒப்பிச்சியே, அது பதிலுக்கு அதோட குலத்தச் சொல்லுச்சா?"

"அது கேமராண்ணே."

"அதத்தான் நானும் சொல்றேன். எங்க ஊர்ல ஒருத்தன்கிட்ட குலத்தச் சொல்லி, அவன் பதில் சொல்லாம சிரிச்சான்னா, திரும்பிப் பாக்காம ஓடிருவோம்." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். டினியோ சிரிக்கவில்லை.

அரங்கம் ஜெப்பிஸ்டவுனில் ஒரு பழைய ஆணித் தொழிற்சாலை. வெளியே கொளுத்தும் வெயிலில் டாக்ஸிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். உள்ளே நான்கு பக்கமும் தரையைத் தொடும் கறுப்புத் துணி, கறுப்பு பெயின்ட் அடித்த தரை, சூடான விளக்குகளில் தூசி பொரியும் வாடை, எங்கோ துருவின் வாடை. மேடைக்குப் பின்னால் இரண்டு ஆள் உயரத் திரை. கேமரா பார்ப்பதையெல்லாம் அது உடனுக்குடன் காட்டும். திரை டினியோவின் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் அதை அவள் பார்க்க முடியாது. எதிரே இருந்த சின்ன மானிட்டரைத்தான் பார்க்க முடியும். மற்ற எல்லாரும் திரையைத்தான் பார்த்தார்கள். இது மட்டும் எப்படி என்று அவளுக்கு விளங்கவேயில்லை: பத்தடி தூரத்தில் ஒரு பெண் உயிரோடு நிற்கிறாள், பின்னால் அவளுடைய வெளிச்சம் நிற்கிறது, எல்லாக் கண்ணும் வெளிச்சத்துக்கே போகிறது.

வியாழக்கிழமை அவள் வேண்டுமென்றே சோதித்துப் பார்த்தாள். தாவும் இடத்தில் ஒரு விரலை மட்டும் அசைத்தாள். மானிட்டரில் தாவல். சுழல வேண்டிய இடத்தில் முகவாயை லேசாகத் திருப்பினாள். மானிட்டரில் மூன்று சுற்று. தரையில் விழுந்து எழ வேண்டிய இடத்தில் ஒன்றுமே செய்யாமல் வெறுமனே மூச்சை விட்டாள். மானிட்டரில் அவள் விழுந்தாள், புரண்டாள், எழுந்தாள். முழங்கால் வலிக்கவில்லை. ஐந்து மாதத்தில் முதல்முறையாக ஒத்திகை முடிந்து படியிறங்கும்போது அவள் கம்பியைப் பிடிக்கவில்லை.

இங்கேதான் அவள் தப்புச் செய்தாள். பயந்திருக்க வேண்டியவள் நிம்மதியடைந்தாள்.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு, அறிவித்த நேரம் தவறாமல் மின்சாரம் போயிற்று. மூன்றரைக்குத்தான் வரும். எல்லாரும் வெயிலுக்கு ஓடினார்கள். டினியோ மட்டும் மேடை ஓரத்தில் கால்நீட்டி உட்கார்ந்து, எண்ணெய் ஊறிய காகிதப் பையிலிருந்து மக்வின்யா என்ற பொரித்த மாவுருண்டையைப் பிய்த்து மாங்காய் ஊறுகாயில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். கையே தெரியாத இருட்டு. டெபோகோ கேமராவையும் மானிட்டரையும் பேட்டரியில் மாட்டிவிட்டுப் போயிருந்ததால் அந்தச் சிவப்புப் பொட்டும், மானிட்டரின் சாம்பல் வெளிச்சமும் மட்டும் எதிரே மிதந்தன.

முதலில் சத்தம்தான் வந்தது. வெறுங்கால் பாதங்கள் மரத்தரையில் பதியும் ஓசை, ஈரத்துணியைக் கல்லில் மெல்ல அறைவதுபோல, தப், தப், பிறகு ஒரு இடைவெளி, காற்றில் நிற்கும் நேரம், மறுபடி தப். அது அவளுக்கு முதுகுப்பக்கம், திரை இருந்த இடத்திலிருந்து வந்தது. அந்தக் கேமராவில் மைக் கிடையாது. மின்சாரமில்லாத திரையில் ஒன்றுமே இருக்கவும் முடியாது.

அவள் திரும்பவில்லை. மானிட்டரைப் பார்த்தாள்.

மானிட்டரில் மேடை வெளிச்சமாக இருந்தது. ஒரு விளக்கும் எரியாத மேடை. அதன் நடுவில் டினியோ ஆடிக்கொண்டிருந்தாள். அழகாக ஆடினாள், அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. பிறகு பாதியில் நிறுத்தினாள். லென்ஸை நோக்கி நடந்து வந்தாள். முகம் பெரிதாயிற்று. மூக்கின் வியர்வை மணிகள், மேலுதட்டுத் தழும்பு, எல்லாம் துல்லியமாக, எந்தப் படத்திலும் அவள் இத்தனை நன்றாக வந்ததில்லை. அந்த முகம் டினியோவின் கண்ணைப் பார்க்கவில்லை. கீழே, நீட்டியிருந்த இடது முழங்காலைப் பார்த்தது. கசாப்புக் கடையில் துண்டு தேர்ந்தெடுக்கிறவர்களின் பார்வை.

ஊறுகாய் வாயிலேயே இருந்தது. அதை எப்போது விழுங்கினாள் என்று தெரியாது. பையை மார்போடு இறுக்கிக்கொண்டு வெயிலுக்கு ஓடிவந்தாள்.

"என்னக்கா, பேயப் பாத்தியா?" என்றாள் காரபோ.

"பசி மயக்கம்."

"கையில இவ்ளோ பெரிய பையப் புடிச்சிக்கிட்டா?"

திங்கட்கிழமை காலை அவள் லுங்கிசாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். மேடை போனால் போகட்டும் என்று மூன்று இரவு தூங்காமல் எடுத்த முடிவு. லுங்கிசா அப்போது பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்திருந்த விழாத் தலைவி மார்லீனோடு நின்றிருந்தான். மார்லீன் பேச்சில் வினைச்சொற்களே வராது. எதைப் பார்த்தாலும் "இந்த வெளி! இந்த மௌனம்!" என்பாள், காலையில் கழிப்பறைக்கு வழி கேட்டபோதும் ஏறத்தாழ அப்படித்தான் கேட்டாள்.

"அண்ணே, என் முழங்கால் போயிருச்சு. அஞ்சு மாசமாச்சு. நான் தாவவே இல்ல. காரபோவ ஆடச் சொல்லுங்க."

லுங்கிசா கழுத்துத்துணியைச் சரிசெய்தான். "எந்த முழங்கால்?"

"இடது."

"போன வாரம் ஆறடி தாவினியே, அந்தக் காலா?" அவன் கைப்பேசியை எடுத்து ஒத்திகைப் பதிவை ஓட்டிக் காட்டினான். "பாரு. நீயே பாரு. இதுல எங்க இருக்கு உன் கிழிஞ்ச முழங்கால்?"

"அது நானில்லண்ணே."

"இந்த பயம்!" என்றாள் மார்லீன், கண்கள் பனிக்க. "இந்த உடைதல்!"

"என் காலத் தொட்டுப் பாருங்க. வீங்கியிருக்கு."

லுங்கிசா குனிந்து அவள் காலைப் பார்க்கவில்லை. பதிவைத்தான் மறுபடி பார்த்தான். "அரங்கேத்த பயம் எல்லாருக்கும் வர்றதுதான். பதிவு பொய் சொல்லாதும்மா." கேமராவின் பொய்களைப் பற்றி நான்கு பக்கம் எழுதியவன்.

ஆனாலும் அவள் விடாமல் அழுததால், ஒரு சமாதானத்துக்காகக் காரபோவை ஒருதரம் ஆடிக்காட்டச் சொன்னார்கள். காரபோ இதற்கே பிறந்தவள்போல மேடைக்குப் பாய்ந்தாள். ஆடினாள், நன்றாகவே ஆடினாள். திரையில் கறுப்பு மட்டும் இருந்தது. கண்ணும் பல்லும்கூட இல்லை. டெபோகோ லென்ஸைத் திறந்தான், இன்னும் திறந்தான், விளக்குகளை ஏற்றினான். தரை தெரிந்தது, துணி மடிப்பு தெரிந்தது, காரபோ தெரியவில்லை.

"இதுக்கு ஒரு கறுப்பாள் தெரிஞ்சாப் போதும்போல," என்றான் டெபோகோ. "வெளிநாட்டு விழாவுல எல்லாம் அப்படித்தான?"

காரபோ கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். கடந்து போகும்போது டினியோவின் காதில், "என்னடி பண்ணி வச்சிருக்கே அதுக்கு?" என்றாள். முதல்முறையாக 'அக்கா'வை விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை மாலை ஏழு மணி. மாடியையும் சேர்த்து இருநூறு நாற்காலியும் நிறைந்திருந்தன. வாசனைத் திரவியம், ஈரக்குடை, மது. வெளியே இடிமழை தகரக்கூரையில் ஆணி கொட்டுவதுபோலக் கொட்டியது. ஓடிவிடலாம் என்று மதியம்வரை நினைத்தவள்தான் டினியோ. வாசல்வரை போகவும் செய்தாள். ஆனால் வாசலில் அவள் படம் ஒட்டியிருந்தது, அவள் பெயர் மட்டும் தனியாக, பக்கத்தில் வேறு எந்தப் பெயரும் இல்லாமல். பதினான்கு வருடம். திரும்பி உள்ளே வந்தாள். ஒரு முடிவோடு வந்தாள்: அசையமாட்டேன். ஒரு விரல்கூட. நான் அசையாவிட்டால் அது எதைக் கொண்டு ஆடும்?

விளக்கொளி விழுந்தது. மேடை நடுவில் நின்றாள். கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டாள். எதிரே சிவப்புப் பொட்டு. மானிட்டரில் அவளும் நின்றாள். இசை தொடங்கியது. இருவரும் அசையவில்லை. முப்பது நொடி. ஒரு நிமிடம். அரங்கத்தில் ஒருவர் இருமினார்.

தாவும் இடம் வந்தது.

மானிட்டரில் இருந்தவள் வலது கையின் இரண்டு விரல்களை இடுப்புக்கு நேராக உயர்த்தினாள்.

டினியோவின் கால்கள் தரையை விட்டன.

அவள் தாவவில்லை. தூக்கப்பட்டாள். முதுகு வளைந்தது. இறங்கியபோது இடது முழங்காலுக்குள் ஏதோ கயிறு அறுந்ததுபோல ஒரு சத்தம், இசைக்கு நடுவிலும் தனியாகக் கேட்டது. கத்தினாள். மழை. இசை. மானிட்டரில் முகவாய் லேசாகத் திரும்பியது. டினியோ சுழன்றாள். ஒன்று. இரண்டு. மூன்று. முழங்கால் வேறு பக்கம் மடங்கியிருந்தது. அதன் மேலேயே சுழன்றாள்.

"நிறுத்துங்க!" என்றாள். "யாராவது பாருங்க!"

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். இருநூறு முகமும் அவள் தலைக்கு மேலே, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அங்கே ஒரு பெண் அமைதியாக நின்று இரண்டு விரல்களை மட்டும் மெல்ல அசைத்துக்கொண்டிருந்தாள். முதல் வரிசையில் மார்லீன் மார்பில் கை வைத்து அழுதாள். லுங்கிசாவின் உதடுகள் 'அடக்கம்' என்ற சொல்லை முணுமுணுத்தன. டெபோகோ மானிட்டரைப் பார்த்தான். காரபோ திரையைப் பார்த்தாள்.

திரையிலிருந்தவள் ஒரு மூச்சை விட்டாள்.

டினியோ விழுந்தாள். புரண்டாள். எழுந்தாள். எழ முடியாத காலில் எழுந்தாள்.

எத்தனை நேரம் என்று தெரியாது. இசை நின்றது. டெபோகோ ஒரு பொத்தானை அழுத்த, கேமராவின் சிவப்புப் பொட்டு அணைந்தது, மானிட்டர் அணைந்தது, திரை அணைந்தது. அவள் உடம்பு அவளிடம் திரும்பி வந்தது; முழு வலியோடு, மொத்தமாக. மேடை விளக்கு ஏறியது. அவள் இரண்டு கையையும் ஊன்றி மண்டியிட்டு மூச்சு வாங்கினாள். முடிந்தது. நடக்க முடியாமல் போகட்டும், இனி வாழ்நாளெல்லாம் உட்கார்ந்தே இருக்கட்டும். முடிந்தது. இப்போது நேராகப் பார்ப்பார்கள், யாராவது ஓடிவருவார்கள்.

இருநூறு பேரும் எழுந்து நின்றார்கள். கைத்தட்டல் கூரை மழையை விழுங்கியது. அவள் முகத்தைத் தூக்கினாள்.

அவர்கள் கைப்பேசிகளை உயர்த்திக்கொண்டிருந்தார்கள்.

ஒவ்வொன்றாக வெளிச்சச் சதுரங்கள் எழும்பின. முதல் வரிசை, நடு வரிசை, மாடிவரை. முகங்கள் எல்லாம் அந்தச் சதுரங்களுக்குப் பின்னால் மறைந்தன. உயர்த்தும் அவசரத்தில் சில கைப்பேசிகளின் திரைப்பக்கம் மேடையை நோக்கித் திரும்பியிருந்தது. அவற்றில் அவள் தன்னைப் பார்த்தாள், கட்டைவிரல் உயரத்தில். மண்டியிடாத அவள். காயமில்லாத அவள். ஒவ்வொன்றிலும் நின்றுகொண்டு, ஒவ்வொன்றிலும் அவளையே பார்த்துக்கொண்டு.

பிறகு ஒரு கைப்பேசிக்குள் ஒருத்தி இடப்பக்கம் திரும்பினாள்.

ஒருத்தி வலப்பக்கம்.

ஒருத்தி உட்கார்ந்தாள். ஒருத்தி கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். மாடியில் ஒரு சதுரத்துக்குள் ஒருத்தி ஓடத் தொடங்கினாள்.

டினியோவின் கழுத்து இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திரும்ப ஆரம்பித்தது. கைத்தட்டல் ஓயவில்லை.